ரங்கூனில் புரோகிராமர் வேலை: எந்த மொழி படிப்பது?

கேள்வி, 3 செப்டம்பர் 2023

கணினிப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வலைத்தளம் கட்டும் கருவிகளில் லாராவெல் நன்றாகத் தெரியும், ரியாக்ட் ஓரளவு. ஆபீஸில் இப்போது பாதிக் கோடு (நிரல்) சாட்ஜிபிடியிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். இன்னும் ஐந்து வருடத்தில் நமக்கு வேலை இருக்குமா என்றே தெரியவில்லை. சிங்கப்பூர், பாங்காக் பக்கம் போகலாமா என்று யோசனை. கோ படிப்பதா, ரஸ்ட் படிப்பதா, பைத்தான் எடுத்து ஏஐ பக்கம் போவதா? அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

பதில், 3 செப்டம்பர், இரவு

எதை வேண்டுமானாலும் படியுங்கள் தம்பி. மூன்றில் எதுவும் வீண் போகாது.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த சயா (ஆசான்), 1971இல் பல்கலைக்கழகக் கணினி மையம் தொடங்கியபோது வந்த ஐசிஎல் 1902எஸ் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். நான் டிபேஸில் ஆரம்பித்தேன். அப்புறம் கிளிப்பர், ஃபாக்ஸ்ப்ரோ, விஷுவல் பேசிக் 6, கொஞ்ச நாள் டெல்ஃபி, பிறகு பிஎச்பி, ஜாவா. இதில் முதல் ஐந்தையும் இன்று பயோடேட்டாவில் போட்டால் நேர்காணலுக்கு வருகிற பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஐந்திலும் எழுதிய சம்பளக் கணக்கு, சரக்குக் கணக்கு, வட்டிக் கணக்கு மூன்றும் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகின்றன.

4 செப்டம்பர்

நேற்று எழுதியதை விரித்துச் சொல்லச் சொல்கிறார்கள். என் நேர்காணல் கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். இனி இதை யாரிடமும் கேட்க முடியாது, பரவாயில்லை.

1985இல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 செல்லாது என்றார்கள். பதிலுக்கு வந்தவை 45, 90. ஒன்பதால் வகுபடும் எண் ராசி என்று ஊர் முழுக்கப் பேச்சு. அந்தக் கதை உங்கள் அப்பா அம்மாவுக்குத் தெரியும். எனக்கு வேண்டியது கணக்கு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 1, 5, 10, 15, 45, 90, 200 எல்லாம் ஒன்றாகப் புழங்கின. சம்பள நாளன்று வங்கியில் எந்த நோட்டு எத்தனை கேட்க வேண்டும் என்று ஒரு சீட்டு தயாரிக்க வேண்டும். கேஷியர் கையால் போடுவார், அரை நாள் போகும். அதைத்தான் முதலாளிமார் முதலில் கணினியில் போடச் சொன்னார்கள்.

இனி கேள்வி: ஒருவருக்கு 270 கியாத். குறைந்த நோட்டில் எப்படிக் கொடுப்பீர்கள்?

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெரிய நோட்டிலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். 200, மீதி 70. அதில் 45, மீதி 25. 15, 10. ஆக நான்கு நோட்டு. ஆனால் மூன்று 90 கொடுத்தால் முடிந்தது. பெரியதிலிருந்து எடுக்கும் முறை 1, 5, 10, 50, 100 என்று போகும் நோட்டுகளுக்குச் சரிப்படும். நம் ஊர் நோட்டுக்குச் சரிப்படாது. பாடப்புத்தகத்தில் டைனமிக் புரோகிராமிங் (சின்னத் தொகைகளின் விடையை வைத்துப் பெரிய தொகைக்கு விடை காணும் முறை) என்று ஓர் அத்தியாயம் இருக்கிறதே, அதற்குச் செயற்கையாக உதாரணம் தேடிக்கொண்டிருப்பார்கள். நமக்கு அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்தது.

அந்த அத்தியாயத்தை ஒப்பிப்பவர்களை நான் எடுத்ததில்லை. "சயா, 90 நோட்டு கையிருப்பில் எத்தனை இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்ட ஒரு பெண்பிள்ளையை அன்றே எடுத்தேன். அவளுக்கு அந்த வழிமுறையின் பெயர்கூடத் தெரியாது. இப்போது பாங்காக்கில் ஒரு குழுவை நடத்துகிறாள்.

5 செப்டம்பர்

காலையிலிருந்து மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதைக் கிளையண்டுக்குக் கொடுத்துவிட்டு மிச்சம் இருந்தால் வருகிறேன்.

8 செப்டம்பர்

"அண்ணே, இது கிழட்டுக் கதை. இப்போது போனிலேயே பணம் கட்டும் கேபிஇசட் பே, வேவ் பே. யார் நோட்டு எண்ணுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

2021 எங்கே போயிற்று தம்பி? பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வங்கியில் எடுக்கும் பணத்துக்கு வரம்பு வைத்தார்கள். போனில் இருக்கும் ஒரு லட்சத்தைக் கையில் நோட்டாக வாங்கக் கமிஷன் கொடுத்தோம். அன்றைக்கு ஒரு மொத்தக்கடைக்காரர் வந்து, "பே-யில் கொடுத்தால் ஒரு விலை, நோட்டில் கொடுத்தால் ஒரு விலை, பில்லில் வருமா?" என்று கேட்டார். பொருளுக்கு ஒரு விலை என்று கட்டியிருந்த மென்பொருள் எல்லாம் திணறியது. அவர் கேட்டதில் தப்பில்லை. பணம் என்பது எண் மட்டும்தான் என்று நினைத்துக் கட்டியதுதான் தப்பு.

மூத்தவர்களுக்கு இது புதிதுமல்ல. 2012 மார்ச் வரை அரசுப் புத்தகத்தில் டாலருக்கு ஆறு கியாத் சொச்சம், வெளியே எண்ணூறைச் சுற்றி. நடுவில் எஃப்இசி (அந்நியச் செலாவணிச் சான்று) என்று 1993இல் வந்த ஒரு சீட்டு வேறு. அந்த ஏப்ரலில் 818 என்று மிதக்கவிட்டார்கள், அடுத்த வருடம் எஃப்இசி போயிற்று. 2022 ஆகஸ்டில் 2,100 என்று கட்டிவைத்தார்கள், வெளியே வேறு. ஆக மாற்றுவிகித அட்டவணையில் தேதி மட்டும் போதாது. எந்த விகிதம், யார் சொன்னது என்ற இரண்டு நெடுவரிசையும் வேண்டும். 1995இல் ஃபாக்ஸ்ப்ரோவில் இதை வைத்தவருக்கு 2022இல் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவர் நான் இல்லை, என் பக்கத்து மேசைக்காரர். இப்போது அரிசிக் கடை வைத்திருக்கிறார், நிம்மதியாக இருக்கிறார்.

9 செப்டம்பர்

கேள்வி கேட்ட தம்பி திரும்பக் கேட்கிறார்: "சரி அண்ணே, வேலை விளம்பரத்தில் மாற்றுவிகிதம் தெரியுமா என்று போடுவதில்லையே, கோ தெரியுமா என்றுதானே போடுகிறார்கள்."

நியாயம். 3ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். எந்த மொழியும் வீண் இல்லை என்பது சரி, ஆனால் ஒன்றையாவது அடிமட்டம் வரை தெரிந்திருக்க வேண்டும். லாராவெல் நன்றாகத் தெரியும் என்கிறீர்கள். அது பின்னால் தரவுத்தளத்துக்கு என்ன எஸ்க்யூஎல் (கேள்வி வரி) எழுதுகிறது என்று என்றைக்காவது எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நூறு வாடிக்கையாளர் பட்டியலுக்கு நூற்றொரு முறை தரவுத்தளத்தைத் தட்டுகிற பக்கங்களை நான் வாரம் ஒன்று பார்க்கிறேன். எழுதினவர் எல்லோரும் "நன்றாகத் தெரியும்" என்றவர்கள்தான். அதைப் பிடித்துச் சரிபண்ணத் தெரிந்தால் கோ-வுக்கு மூன்று மாதம் போதும்.

14 செப்டம்பர்

ஏஐ பற்றிப் பேசாமல் நழுவுகிறேன் என்கிறார்கள். நழுவவில்லை. போன மாதம் ஒரு நகர்ப்புற மருத்துவ மையத்துக்குப் பதிவுப் படிவம் வேண்டியிருந்தது. ஏஐயிடம் கேட்டேன். நொடியில் கொடுத்தது, அழகாக, பிழைச் செய்தியோடு. முதற்பெயர் கட்டாயம். குடும்பப்பெயர் கட்டாயம்.

பர்மியப் பெயரில் குடும்பப்பெயர் ஏது? ஐ.நா.வின் பொதுச்செயலராக 1961 முதல் 1971 வரை இருந்த ஊ தாண்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் தாண்ட். ஊ என்பது மரியாதை. நியூயார்க்கில் எத்தனை பேர் அவர் முதற்பெயர் "ஊ" என்று எழுதிவைத்தார்களோ.

"அப்படியானால் ஊ, டோ, கோ, மா, மாங் எல்லாவற்றையும் முன்னாலிருந்து வெட்டிவிடலாமே" என்று என்னிடம் வேலை பார்க்கும் பையன் சொன்னான். வெட்டிப்பார் என்றேன். 1988இல் ஒரு மாதம் இந்த நாட்டின் அதிபராக இருந்தவர் டாக்டர் மாங் மாங். வெட்டினால் மிச்சம் என்ன? கோ கோ என்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வெட்டாமல் விட்டாலும் தொல்லை: இருபது வயதில் மாங் என்று பதிந்தவர் முப்பதில் கோ, ஐம்பதில் ஊ. ஒரே ஆள், மூன்று பதிவு.

நம் தமிழ் ஆட்கள் கதை இன்னும் மேல். வீட்டில் முத்துசாமி, அடையாள அட்டையில் "தான் மியிண்ட்" என்ற பர்மியப் பெயர், கோயில் ரசீதில் மு. முத்துசாமி. மூன்றுமே சரியான பெயர். பெயருக்கு ஒரு பெட்டி, அட்டைப் பெயருக்கு ஒரு பெட்டி, எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதற்கு ஒரு பெட்டி, எல்லாம் முழுசாக, பிரிக்காமல். மையத்துக்கு அப்படித்தான் செய்தோம். ஏஐ குறை என்று சொல்லமாட்டேன், எப்படி வேண்டும் என்று சொன்னதும் அதுவே திருத்திக் கொடுத்தது. சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த ஆளாக இருப்பதற்குத்தான் சம்பளம்.

14 செப்டம்பர், கொஞ்ச நேரம் கழித்து

அடையாள அட்டை எண்ணை மறந்துவிட்டேன். 12 என்றால் யாங்கோன் (ரங்கூன்) என்பது வரை எல்லோருக்கும் தெரியும். 1 முதல் 14 வரை மாநில எண், பிறகு நகரியக் குறி, பிறகு அடைப்புக்குள் ஓர் எழுத்து, பிறகு ஆறு இலக்கம். அந்த ஓர் எழுத்தில்தான் 1982 குடியுரிமைச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது: முழுக் குடிமகனுக்கு ஒன்று, இணைக் குடிமகனுக்கு ஒன்று, இயற்கைக் குடியுரிமை வாங்கியவருக்கு ஒன்று. ஒரு நிதி நிறுவனத்தின் செயலியில் முதல் எழுத்து மட்டும்தான் தேர்வுப் பட்டியலில் இருந்தது. என் சித்தப்பா கடன் கேட்கப் போய், "சிஸ்டம் எடுக்கவில்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பட்டியலை எழுதிய பிள்ளைக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. தன் அட்டையைப் பார்த்து எழுதியிருப்பான்.

22 செப்டம்பர்

ஜாவ்ஜி கதையை எழுதச் சொல்லி மூன்று பேர். இது நீளும்.

தமிழில் பாமினி எழுத்துரு, திஸ்கி குறியீடு என்று மல்லுக்கட்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். எல்லா மொழி எழுத்துக்கும் கணினியில் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடு, பர்மிய எழுத்துக்கு 1999இலேயே இடம் கொடுத்தது, 2008இல் அதைச் சீர்செய்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் ஜாவ்ஜி என்ற எழுத்துரு ஊரெல்லாம் பரவிவிட்டது. அது யூனிகோடு இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு வேறு விதமாக எழுதியது. பாமினியாவது ஆங்கில எழுத்தின் இடத்தில் இருந்தது, பார்த்ததும் தெரியும். இது நம் வீட்டு முகவரியிலேயே குடியிருந்த வேற்றாள்.

என்ன வித்தியாசம்? தமிழில் "கே" என்று எழுதும்போது கண்ணுக்குக் கொம்பு முன்னால் தெரியும், ஆனால் யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பிறகு. பர்மியத்திலும் அப்படி முன்னால் தெரிகிற ஒரு குறி உண்டு, அதன் எண் ஹெக்ஸில் (பதினாறடிமான முறையில்) 1031. யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும். ஜாவ்ஜியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே முன்னால். அது போதாது என்று, அகலமான எழுத்தைச் சுற்றும் குறிக்கு ஒரு குறியீடு, ஒடுங்கிய எழுத்தைச் சுற்றும் அதே குறிக்கு வேறு குறியீடு. இந்தக் கூடுதல் வடிவங்களுக்கு இடம் எங்கே? மொன், ஷான், கரென் மொழிகளுக்கு யூனிகோடு ஒதுக்கிய இடத்தில். ஷான்காரர் தன் மொழியில் ஒரு வரி அனுப்பினால் ஜாவ்ஜி போனில் குப்பையாக வரும். நமக்குச் சின்ன எரிச்சல், அவர்களுக்கு மொழியே இல்லை.

2014இல் வெளிநாட்டு போன் நிறுவனங்கள் வந்து 1,500 கியாத்துக்கு சிம் கொடுத்தன. அதற்கு முன் சிம் வாங்க வீட்டை விற்க வேண்டும் என்று கேலி பேசுவோம். கோடிக்கணக்கான போன், பெரும்பாலும் ஜாவ்ஜியோடு. 2019 அக்டோபர் 1 முதல் யூனிகோடுக்கு மாறுகிறோம் என்று அரசு அறிவித்தது.

எனக்கு அப்போது கிடைத்த வேலை: பத்துக் கிளைகள் உள்ள ஒரு கடன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை ஒன்றாக்குவது. திரையில் ஒரு பெண்ணின் பெயர் இரண்டு வரியில், ஒன்று சரியாக, ஒன்று புள்ளியும் வட்டமும் இடம் மாறி. கிளைக்காரர்கள் "எழுத்துருப் பிரச்சினை சயா, எழுத்துருவை மாற்றினால் சரியாகிவிடும்" என்றார்கள். மாற்றினால் இது சரியாகும், அது கெடும். பைட்டுகளை, அதாவது எழுத்துக்குப் பின்னால் இருக்கும் எண்களை, எடுத்துக் காகிதத்தில் அச்சடித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் 1031 இரண்டாவதாக, மற்றதில் முதலாவதாக. ஆக இரண்டு கிளையில் இரண்டு கடன், ஒரே பெண். திரையை எத்தனை மணி நேரம் பார்த்தாலும் இது தெரியாது.

அப்புறம் என்ன, பெயர் 1031இல் ஆரம்பித்தால் ஜாவ்ஜி என்று ஒரு விதி போட்டாயிற்று. அந்தக் குறியே இல்லாத பெயருக்கு? சில குட்டிப் பெயர்கள் இரண்டிலும் ஒரே பைட்டாகவே இருக்கும், அது பிரச்சினை இல்லை. இரண்டிலும் செல்லுபடியாகி வேறு வேறாகப் படிக்கக் கூடியவைதான் தலைவலி. கூகிள் வெளியிட்ட மியான்மர் டூல்ஸ் என்ற நூலகம் நிகழ்தகவு சொல்லும்: இது ஜாவ்ஜியாக இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று. நீண்ட வாக்கியத்துக்கு அருமை, இரண்டெழுத்துப் பெயருக்குத் தடுமாறும். அந்த இடத்தில் ஊர்ப்பெயர், முகவரி, அதே கிளையில் அதே வாரம் பதிந்த மற்றப் பெயர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து முடிவெடுக்க வைத்தோம். அதுவும் முடியாதவற்றைக் கிளையில் இருக்கிற அக்காக்களிடம் பட்டியலாகக் கொடுத்தோம். அவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்கள்.

23 செப்டம்பர்

"யூனிகோடுக்கு மாறிவிட்டோமே, ஜாவ்ஜி தெரிந்து இனி என்ன பயன்?" பயன் இல்லை. பைட்டைப் பார்க்கும் பழக்கம்தான் பயன். இந்த வாரம் வேறொரு இடத்தில் ஒரு ஃபைல் இறக்குமதி ஆகவில்லை என்று இரண்டு பேர் இரண்டு நாள் கோடைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட். ஃபைல் எந்தக் குறியீட்டில் இருக்கிறது என்று காட்ட எக்செல் வைத்த பிஓஎம் என்ற குறி.

1 அக்டோபர்

வெளிநாடு பற்றி. போங்கள். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை, என் மகனே சிங்கப்பூரில்தான் இருக்கிறான். இரவில் இணையம் போகுமா, விபிஎன் எடுக்குமா, டீசல் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு யாரும் நல்ல கோடு எழுத முடியாது.

ஆனால் ஒன்று. அங்கே போனதும் முதல் இரண்டு வருடம் நீங்கள் டிக்கெட் (ஒதுக்கித் தரும் சின்ன வேலை) முடிப்பவராக இருப்பீர்கள். யார் பயன்படுத்துகிறார்கள் என்று முகம் தெரியாது. இங்கே நான் எழுதிய பில் மென்பொருளில் கோளாறு வந்தால் பயின்னவுங் மண்டியிலிருந்து ஆள் நேரே வீட்டுக்கு வந்துவிடுவார், வெற்றிலை மென்றுகொண்டே திட்டுவார். அந்தத் திட்டில் கற்றது நிறைய. போவதற்கு முன் அப்படி ஒரு வருடம் யாராவது ஒரு மண்டிக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பணம் ஒழுங்காக வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

2 அக்டோபர்

"ஐம்பது வயதுக்கு மேல் கோடு எழுதுகிறவனை யார் வைத்துக்கொள்வார்கள், மேனேஜராகப் போகவேண்டாமா?" இரண்டு முறை போனேன். கூட்டம், கூட்டத்துக்கு முன்கூட்டம். திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுவார்கள்.

11 அக்டோபர்

நேர வித்தியாசம் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள். கிரீன்விச் நேரத்தைவிட நமக்கு ஆறரை மணி கூடுதல். இந்தியாவுக்கு ஐந்தரை, தாய்லாந்துக்கு ஏழு, சிங்கப்பூருக்கு எட்டு. வெளிநாட்டிலிருந்து வாங்கிய வருகைப்பதிவு மென்பொருள் ஒன்றில் வித்தியாசத்தை முழு எண்ணாகத்தான் கொடுக்க முடியும். நிறுவியவர் ஏழு என்று போட்டார். காலை ஒன்பதுக்குச் சரியாக வந்தவர்களெல்லாம் ஒன்பதரைக்கு வந்ததாகப் பதிவாகி, தாமத அபராதம். ஆறு என்று மாற்றியதும் எல்லோரும் எட்டரைக்கு வந்த உத்தமர்களானார்கள். ஊழியர்கள் இரண்டாவது அமைப்பைப் பற்றி யாரிடமும் புகார் செய்யவில்லை.

19 அக்டோபர்

எதைப் பார்த்துப் படிப்பது என்கிறார்கள். எங்கள் காலத்தில் பன்சோடான் தெரு நடைபாதையில் ஜெராக்ஸ் போட்ட கையேடு கிடைக்கும், பாதிப் பக்கம் மங்கல். இப்போது எல்லாம் கிடைக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. அடுத்தவர் கோடைப் படியுங்கள். உங்கள் ஆபீஸில் எல்லோரும் தொடப் பயப்படுகிற ஃபைல் ஒன்று இருக்கும், அதிலிருந்து ஆரம்பியுங்கள். ஏஐயிடம் விளக்கம் கேளுங்கள், தப்பில்லை, அதற்கு அது கெட்டிக்காரன். சொன்னது சரியா என்று ஓட்டிப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

2 நவம்பர்

உளுந்து ஏற்றுமதிக் கணக்கு எழுதும் ஒரு தங்கை கேட்கிறார்: எடையை எல்லாம் கிலோவாக மாற்றிச் சேமித்துவிடலாமா, மண்டியில் வீசையில் சொல்கிறார்கள், கப்பலுக்கு டன்னில் போகிறது.

வேண்டாம். ஒரு வீசை சுமார் 1.633 கிலோ, ஒரு டன்னுக்கு 612 வீசைக்குச் சற்று மேல். 30 வீசை என்று வந்ததைக் கிலோவாக்கி, 49.0 என்று ஒரு தசமத்துக்குச் சுருக்கி, திரும்ப வீசையாக்கினால் 30 வராது. 30.01 என்று ரசீது கொடுத்தால் மண்டிக்காரர் பத்து காசுக்காகச் சண்டை போடமாட்டார், உங்கள் மென்பொருளையே நம்பமாட்டார். வந்த எண்ணை வந்த அலகோடு அப்படியே வையுங்கள். கிலோ வேண்டிய இடத்தில் அங்கேயே கணக்கிட்டுக் காட்டுங்கள்.

3 நவம்பர்

கூடைக்கும் இதே வழிதானா என்று அதே தங்கை. கூடைக்கு இன்னும் ஒரு படி அதிகம் அம்மா. நெல் கூடை 46 ராத்தல் (பவுண்டு), அரிசிக் கூடை 75 ராத்தல். கூடை என்று ஓர் அலகும் அதற்கு ஓர் எண்ணும் வைத்தால் ஆலைக்காரர் கணக்கு முதல் நாளே இடிக்கும். அலகு அட்டவணையின் சாவியில், அதாவது ஒரு வரியை அடையாளம் காட்டும் இடத்தில், பொருளையும் சேருங்கள். பருப்பு வகைக் கூடைக்கு என்ன எடை என்று மண்டியில் கேட்டே போடுங்கள், நான் சொல்லி நீங்கள் போடவேண்டாம். அவர்கள் எந்தத் தேதியிலிருந்து அந்த எடையை வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டு, அதற்கும் ஒரு நெடுவரிசை வைத்துவிடுங்கள்.